கொலஸ்ட்ரால் 118னு வந்தா சந்தோஷப்படணுமா? பம்பிங் கம்மியானவங்க ரத்தத்துல கொழுப்பு ஆடுற ஆட்டம்

பெரியப்பாவோட லிப்பிட் ப்ரொஃபைல் ரிப்போர்ட் வந்த அன்னிக்கு வீட்ல ஒரே சந்தோஷம். மொத்த கொலஸ்ட்ரால் 118. ஒரு காலத்துல 240ல நின்ன மனுஷன். பெரியம்மா உடனே "எண்ணெயக் கொறச்சேன்ல, மஞ்சக்கரு கண்ணுலயே காட்டலல்ல, அதான்"னு பக்கத்து வீடு வரைக்கும் பெருமையடிச்சுட்டு வந்துட்டாங்க. எக்கோவுல பம்பிங் 30 பர்சென்ட்னு சொல்லி ரெண்டு வருஷம் ஆச்சு, மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது, ராத்திரி மூணு தலகாணி வச்சாதான் படுக்க முடியுது, இதுவாவது நல்லா இருக்கேன்னு எங்களுக்கும் ஒரு நிம்மதி. டாக்டர் ரிப்போர்ட்ட ஒரு பார்வை பாத்தாரு, ஒண்ணும் சொல்லல. பெரியப்பா இடுப்ப பாத்துட்டு, "பெல்ட்ல புதுசா ஓட்டை போட்டிருக்கீங்க போல, எப்பலேர்ந்து?"ன்னு கேட்டாரு. ரெண்டு ஓட்டை, ஆணிய காய்ச்சி பெரியப்பாவே போட்டது.

அந்தக் கேள்வி எனக்கு அன்னிக்கு புரியல. அப்புறம் ராத்திரி ராத்திரியா தேடிப் படிச்சதுல வெளங்கினது இதுதான்: ஹார்ட் ஃபெயிலியர்ல, அதாவது இதயம் ரத்தத்த சரியா தள்ள முடியாத இந்த நோய்ல, ரத்தத்துல ஓடுற கொழுப்பு, அவங்க தட்டுல என்ன விழுந்துச்சுங்கறத விட உடம்புல ஸ்ட்ரெஸ் ஹார்மோன் எவ்ளோ ஓடுதுங்கறதத்தான் அதிகமா காட்டுது. அதுலயும் இதயத்த நேரடியா பாதிக்கற கொழுப்பு ஒண்ணு இருக்கு, அது வழக்கமான லேப் ரிப்போர்ட்ல இடமே பிடிக்கறதில்ல.

ஸ்ட்ரெஸ்னா ஆபீஸ் டென்ஷன், வீட்டுச் சண்டை, ஈஎம்ஐ கவலைன்னு மட்டும் நெனச்சுக்காதீங்க. இங்க ஸ்ட்ரெஸ் உடம்போடது, மனுஷன் ஈசிசேர்ல நிம்மதியா சாஞ்சு பேப்பர் படிச்சுட்டு இருந்தாலும் அது உள்ள ஓடிக்கிட்டேதான் இருக்கும். கழுத்து ரத்தக்குழாய்லயும் பெருந்தமனி வளைவுலயும் அழுத்தத்த அளக்கற நரம்பு நுனிங்க இருக்கு. இதயம் சரியா தள்ளலன்னா ரத்தம் கொறஞ்ச மாதிரி அதுங்களுக்குத் தோணும், கிட்னிக்கும் அதே கதைதான். கத்திக்குத்து பட்டு ரத்தம் கொட்டுறதுக்கும் பம்பு வீக் ஆனதுக்கும் இந்த சிஸ்டத்துக்கு வித்தியாசம் சொல்லத் தெரியாது, ஏன்னா காடு மேடுன்னு அலைஞ்ச காலத்துல இதய பலவீனத்தோட பல வருஷம் வாழ்ந்த மனுஷங்க ரொம்பக் கம்மி, அடிபட்டு ரத்தம் சிந்தினவங்கதான் அதிகம். அதனால உடம்பு தனக்குத் தெரிஞ்ச ஒரே வைத்தியத்த பண்ணுது. நரம்பு நுனில இருந்து நோரட்ரினலின், கிட்னி மேல குல்லா மாதிரி உக்காந்திருக்கற அட்ரினல் சுரப்பில இருந்து அட்ரினலின், கார்ட்டிசால், ஆல்டோஸ்டிரான், கிட்னில இருந்து ரெனின். அடிபட்டவனுக்கு இது சில மணி நேர சமாச்சாரம், உயிர காப்பாத்தும். பம்பிங் கொறஞ்சவருக்கு இது வருஷக்கணக்கா, தூங்கறப்பகூட நிக்காம ஓடும்.

எவ்ளோ ஓடுதுங்கறதுக்கும் ஆயுசுக்கும் சம்பந்தம் இருக்குன்னு 1984லயே காட்டிட்டாங்க. ஜே கோன்ங்கற அமெரிக்க டாக்டரும் கூட இருந்தவங்களும் ஹார்ட் ஃபெயிலியர் உள்ள 106 பேருக்கு ரத்தத்துல நோரட்ரினலின் அளந்தாங்க. அது எவ்ளோ ஜாஸ்தியோ அவ்ளோ சீக்கிரம் சாவு வந்துச்சு. இதயம் எவ்ளோ தள்ளுதுங்கற அளவுகள விட இந்த ஒரு நம்பர் பின்னால வரப்போறத நல்லா சொல்லுச்சு.

சரி, இதுல கொழுப்பு எங்க வந்துச்சு?

தோலுக்கு அடியிலயும் வயித்துலயும் இருக்கற கொழுப்பு செல்லு ஒவ்வொண்ணும் ஒரு சின்ன பத்தாயம்னு வச்சுக்குவோம். உள்ள இருக்கறது ட்ரைகிளிசரைடு, அதாவது ஒரு கிளிசரால்ல மூணு ஃபேட்டி ஆசிட் கட்டி வச்சிருக்கறது. சாப்பிட்டதும் வர்ற இன்சுலின் பத்தாயத்த பூட்டி வைக்கும். நோரட்ரினலினும் அட்ரினலினும் செல்லோட மேல்தோல்ல அதுங்களுக்குன்னே இருக்கற பீட்டா ரிசெப்டர்ங்கற இடத்துல வந்து உக்காந்ததும் உள்ள ஒரு சிக்னல் போகும், கொழுப்புத் துளிய சுத்தி இருக்கற புரத உறை வெலகும், லிப்பேஸ்ங்கற என்சைமுங்க உள்ள பூந்து மூணு ஃபேட்டி ஆசிடையும் வெட்டி வெளிய விடும். அது ரத்தத்துக்கு வந்து ஆல்புமின் புரதத்து முதுகுல தொத்திக்கிட்டுப் போகும். இதத்தான் ஃப்ரீ ஃபேட்டி ஆசிட்னு சொல்றாங்க. கார்ட்டிசால் இந்த வேலைக்கு இன்னும் தோதா செல்ல தயார் பண்ணி வைக்கும், அதோட இன்சுலின் பேச்ச உடம்பு கேக்காதபடியும் பண்ணிடும். பூட்டும் லூசு, தெறக்கறவனும் வாசல்லயே நிக்கறான்.

இந்த ஃப்ரீ ஃபேட்டி ஆசிட் ரத்தத்துல இருக்கற அளவ பாத்தா சிரிப்பா இருக்கும். வெறும் வயித்துல லிட்டருக்கு அரை மில்லிமோல் பக்கம்தான். ஆனா வந்தது ரெண்டு மூணு நிமிஷத்துல பாதி காலியாகி, புதுசா வந்து ரொம்பிக்கிட்டே இருக்கும், அதனால நாள் பூரா கணக்குப் பாத்தா வண்டி வண்டியா போகுது. லேப்ல வேலை பாக்கற ஃப்ரெண்டு ஒருத்தன் சொன்னான், ட்ரைகிளிசரைடு ஜாஸ்தியா இருக்கறவங்க ரத்தத்த சுத்த விட்டு எடுத்தா மேல நிக்கற சீரம் பால் கலந்த மாதிரி கலங்கலா இருக்கும், ட்யூப தூக்கிப் பாத்தாலே தெரிஞ்சுடும்னு. ஃப்ரீ ஃபேட்டி ஆசிட் அப்படி இல்ல, எவ்ளோ ஏறினாலும் சீரம் தெளிவா வெளிர் மஞ்சளாத்தான் இருக்கும். அளக்கறதும் தொல்லை, ரத்தம் எடுத்ததும் ஐஸ்ல வைக்கணும், இல்லன்னா ட்யூபுக்குள்ளயே ட்ரைகிளிசரைடு ஒடஞ்சு நம்பர் பொய்யா ஏறிடும், ரத்தம் உறையாம இருக்க போடற ஹெப்பாரின் ஊசி போட்டிருந்தா கேக்கவே வேணாம். ஊசிய பாத்து பயந்தாலே கொஞ்சம் ஏறும். இப்படிப்பட்ட டெஸ்ட்ட எந்த லேப் பேக்கேஜ்ல போடுவான்?

இப்போ இதயத்து பக்கம் வருவோம். 300 கிராம் சொச்சம் எடை, ஒரு நாளைக்கு சுமார் 1 லட்சம் தடவ துடிக்குது. அதுக்கு வேணுங்கற ஏடிபிங்கற எரிபொருள் நாளைக்கு 6 கிலோன்னு கணக்கு சொல்றாங்க, சேமிப்பு ஒண்ணும் கிடையாது, அப்பப்ப செஞ்சு அப்பப்ப செலவழிக்கணும், தினக்கூலி குடும்பம் மாதிரி. இதுல 60ல இருந்து 70 சதவீதம் ஃபேட்டி ஆசிட எரிச்சு வர்றது, மிச்சம் குளுக்கோஸ், லேக்டேட், அப்புறம் கொழுப்ப ஒடச்சு ஈரல் செய்யற கீட்டோன். நல்ல இதயம் எது கெடச்சாலும் சாப்பிடும். ஆனா கொழுப்புல ஒரு செலவு இருக்கு, அதே அளவு ஏடிபி எடுக்க குளுக்கோஸ விட சுமார் 10 சதவீதம் ஆக்சிஜன் கூட வேணும். ஆக்சிஜன் தாராளமா இருக்கறப்ப யாரும் இத பெருசா எடுத்துக்க மாட்டாங்க. அடைப்பு இருக்கற, சுவர் விரிஞ்சு போன, படபடன்னு வேகமா அடிக்கற இதயத்துக்கு அந்த 10 சதவீதம் பெரிய தொகை.

இன்னொரு சிக்கல், கொழுப்பு நெறைய வந்து எரிஞ்சா அதுவே குளுக்கோஸ் எரியற பாதைய அடைச்சு வச்சுடும். 1963ல கேம்பிரிட்ஜ்ல ஃபிலிப் ரேண்டில் குழு இத கண்டுபிடிச்சு எழுதினாங்க, இன்னிக்கும் ரேண்டில் சைக்கிள்னுதான் பேரு. அதாவது ஸ்ட்ரெஸ் ஹார்மோன் கொழுப்ப கொட்டக் கொட்ட, இதயம் ஆக்சிஜன் கம்மியா கேக்கற குளுக்கோஸ தொட முடியாம, கூடக் கேக்கற கொழுப்பையே தின்னுட்டு இருக்கும். 1968ல எடின்பரோவுல மைக்கேல் ஆலிவர், குரியன், கிரீன்வுட்னு மூணு பேர் ஹார்ட் அட்டாக் வந்தவங்கள பாத்தாங்க. ஃப்ரீ ஃபேட்டி ஆசிட் ரொம்ப ஏறினவங்களுக்குத்தான் துடிப்பு தாறுமாறா ஓடுறதும் சாவும் அதிகமா இருந்துச்சு. அது கொழுப்பு பண்ணின வேலையா, இல்ல அட்டாக் பெருசா இருந்ததால ரெண்டுமே ஏறுச்சான்னு அப்பவே சண்டை, அந்த சண்டை முழுசா முடியவும் இல்ல. என்னக் கேட்டா ரெண்டும்தான்.

ஹார்ட் ஃபெயிலியர்ல இது இன்னும் ஒரு படி மேல போகுது. ஆரம்பத்துல இதயம் கொழுப்ப ஓரளவு நல்லாவே எரிக்கும். நோய் முத்த முத்த, செல்லுக்குள்ள எரிக்கற அடுப்பான மைட்டோகாண்ட்ரியா டல்லாயிடும், ஆனா வெளிய இருந்து சரக்கு வர்றது நிக்காது. எரியறத விட வர்றது அதிகம். மிச்சம் இதயத் தசைக்குள்ளயே கொழுப்புத் துளியாவும் செராமைடுன்னு ஒரு பொல்லாத பொருளாவும் தங்கும், இந்த செராமைடு செல்ல சாகடிக்கவே செய்யும். இதயம் அப்படி ஆகறப்ப அதுல இருக்கற ஏடிபியும் கொறையுது. வீடு நெறைய வெறகு, அடுப்பு எரியல, பொகதான் மிச்சம்.

ஈரலுக்கும் இந்த ஃபேட்டி ஆசிட்ல ஒரு பங்கு போகுது. ஈரல் அத திரும்ப ட்ரைகிளிசரைடா கட்டி விஎல்டிஎல்லுன்னு மூட்டையா ரத்தத்துல அனுப்பும், அதனால குண்டா, சுகரும் இருக்கற ஹார்ட் ஃபெயிலியர்காரங்களுக்கு ட்ரைகிளிசரைடு ஏறும், நல்ல கொழுப்புன்னு சொல்ற ஹெச்டிஎல் எறங்கும். இது எல்லாருக்கும் தெரிஞ்ச கதைங்கறதால இதோட விட்டுடறேன்.

யாரும் எதிர்பாக்காத ஒண்ணு இருக்கு. ஹார்ட் ஃபெயிலியர் இருக்கறவங்க ஃபைல்ல எல்லாம் பிஎன்பின்னோ ப்ரோ பிஎன்பின்னோ ஒரு டெஸ்ட் இருக்கும் பாருங்க, மூச்சு வாங்குறது இதயத்தாலயா நுரையீரலாலயான்னு பாக்க எடுக்கறது. அது இதயமே சுரக்கற ஹார்மோன் குடும்பம். 1981ல கனடாவுல அடோல்ஃபோ டி போல்ட், எலியோட இதய மேலறைய அரைச்சு எடுத்த சாற இன்னொரு எலிக்கு ஊசியா போட்டாரு, அது சிறுநீரா கொட்டுச்சு. இதயங்கறது வெறும் பம்பு இல்ல, ஹார்மோன் சுரக்கற உறுப்பும்தான்னு அப்படித்தான் தெரிய வந்துச்சு. உப்பையும் தண்ணியையும் வெளியேத்தி இதயத்துக்கு பாரத்த கொறைக்கற நல்ல ஹார்மோன்னு இத பத்தி பேசிட்டு இருந்தாங்க. 2000ல பிரான்ஸ்ல துலூஸ் ஊர்க்காரங்க மனுஷ கொழுப்பு செல்லுல இத விட்டுப் பாத்தா, அட்ரினலின் மாதிரியே கொழுப்ப உருக்குது, அதுவும் வேற வாசல் வழியா, இன்சுலின் பூட்டுக்கும் அடங்காம. எலிக்கு இப்படி ஆகாது, மனுஷனுக்கும் குரங்கினத்துக்கும்தான். ஆக பம்பு வீங்க வீங்க நரம்பு ஒரு பக்கம் கொழுப்பு செல்ல தெறக்குது, இன்னொரு பக்கம் இதயமே ஆள் அனுப்பி எடுத்துட்டு வரச்சொல்லுது. தன்னால எரிக்க முடியாத சரக்க தானே ஆர்டர் போடுது.

இப்போ பெல்ட்டுக்கு வருவோம். வருஷக்கணக்கா கொழுப்பு உருகுது, கார்ட்டிசால் தசைய கரைக்குது, குடல் சுவர்ல தண்ணி கோத்துக்கறதால சாப்பிட்டது சரியா ஒட்டறதில்ல, ஈரல் வீங்கி பசியே எடுக்காது, ரெண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு ரொம்பிடும். அழற்சி வேற. ஈரல் கொலஸ்ட்ரால் செய்யறதும் கொறையும். இதெல்லாம் சேந்துதான் அந்த 118. லண்டன்ல ஸ்டெஃபான் ஆங்கரும் அவர் கூட்டாளிகளும் 1997ல ஒரு கணக்கு சொன்னாங்க, ஹார்ட் ஃபெயிலியர் உள்ள 171 பேர்ல 28 பேருக்கு தண்ணி கோக்காத நெலமையிலயே எடை 7.5 சதவீதத்துக்கு மேல எறங்கியிருந்துச்சு, அதுல பாதிப் பேர் 18 மாசத்துல போயிட்டாங்க. அந்த மாதிரி உருகினவங்க ரத்தத்துலதான் நோரட்ரினலினும் கார்ட்டிசாலும் உச்சத்துல இருந்துச்சு. அப்புறம் 2002ல லாஸ் ஏஞ்சலீஸ்ல முத்தின ஹார்ட் ஃபெயிலியர் உள்ள 1134 பேர பாத்தப்ப, கொலஸ்ட்ரால் கம்மியா இருந்தவங்கதான் சீக்கிரம் செத்தாங்க. நம்ம வாழ்க்க பூரா கேட்ட பாட்டுக்கு நேர் எதிர்.

கொலஸ்ட்ரால் கொறஞ்சதே ஆள கொன்னுச்சா, இல்ல சாகற அளவுக்கு நோய் முத்தினதோட அடையாளமா? ஆங்கர் குழு 2000லயே ஒரு யோசனைய வச்சாங்க, வீங்கின குடல்ல இருந்து ரத்தத்துக்குள்ள கசியற பாக்டீரியா விஷத்த இந்த கொழுப்பு மூட்டைங்க ஒட்டிப் பிடிச்சு அடக்கி வைக்குது, அதனால ஹார்ட் ஃபெயிலியர்ல கொழுப்பு கொஞ்சம் இருக்கறது நல்லதுன்னு. அழகான யோசனை. ஆனா அது முழு உண்மைன்னா ஸ்டாட்டின் மாத்திரை குடுத்து கொலஸ்ட்ரால கொறச்சவங்க அதிகமா செத்திருக்கணும். 2007ல கொரோனான்னு ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு (நோய்க்கு முன்னாடியே வச்ச பேரு, பயப்படாதீங்க), 60 வயசுக்கு மேல 5011 பேர், ரோசுவாஸ்டாட்டின். அடுத்த வருஷம் இத்தாலில 4574 பேர். ரெண்டுலயும் கொலஸ்ட்ரால் நல்லா எறங்குச்சு, ஆயுசு கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. அப்போ அந்த நம்பர் முக்காவாசி அடையாளம்தான்னு நான் எடுத்துக்கறேன். அதுக்காக இத படிச்சுட்டு யாரும் ஸ்டாட்டின தூக்கிப் போட்டுடாதீங்க, ஸ்டென்ட் வச்சவங்க, அட்டாக் வந்தவங்களுக்கு அது வேற காரணத்துக்காக குடுக்கறது.

அடையாளத்த அடிச்சு பிரயோஜனம் இல்லன்னா வேர்ல கை வைக்கணும். வேர்னா ஹார்மோன். இங்கதான் வைத்தியமே தலகீழா பொரண்ட கதை. ரொம்ப காலமா வீக்கான இதயத்த தூண்டி விடறதுதான் சரின்னு நெனச்சாங்க. மில்ரினோன்னு ஒரு மருந்து, நொண்டி மாட்ட தார்க்குச்சியால குத்தி ஓட்டுற மாதிரி நல்லா வேலை வாங்கும், மாத்திரையா தொடர்ந்து குடுத்துப் பாத்ததுல 1991ல முடிவு வந்துச்சு, சாவு 28 சதவீதம் கூடிப்போச்சு. இன்னொரு பக்கம், 1975லயே சுவீடன்ல கோத்தன்பர்க்ல ஃபின் வாக்ஸ்டீனும் கூட இருந்தவங்களும் வெறும் 7 பேருக்கு, அட்ரினலின் வந்து பீட்டா ரிசெப்டர்ல உக்காராம மறிக்கற, யாரும் குடுக்கவே கூடாதுன்னு சொன்ன பீட்டா ப்ளாக்கர குடுத்து, இதயம் தேறுறத பாத்து எழுதினாங்க. பாடப்புத்தகமே வீக்கான இதயத்துக்கு இது ஆகவே ஆகாதுன்னு சொல்லிட்டு இருந்த காலம், யாரு நம்புவா? 24 வருஷம் கழிச்சு 1999ல பைசோப்ரோலால், மெட்டோப்ரோலால்னு ரெண்டு பெரிய ஆய்வு வந்து, ரெண்டுலயும் சாவு 34 சதவீதம் கொறைஞ்சப்பதான் வழிக்கு வந்தாங்க.

பீட்டா ப்ளாக்கர் இதயத்துடிப்ப கொறைக்குதுங்கறது எல்லாருக்கும் தெரியும். ஆனா கொழுப்பு செல்லுல இருக்கறதும் பீட்டா ரிசெப்டர்தானே, அங்கயும் போய் உக்காந்து பத்தாயத்த கொஞ்சம் மூடுது. கார்வெடிலால் குடுத்தவங்க இதயத்த ஸ்கேன்ல பாத்தா, கொழுப்ப எடுத்துக்கறது கொறையறது தெரிஞ்சிருக்கு. அதே சமயம் சில பீட்டா ப்ளாக்கர் ட்ரைகிளிசரைட கொஞ்சம் ஏத்தி ஹெச்டிஎல்ல கொஞ்சம் எறக்கும், அதாவது லேப் ரிப்போர்ட் மோசமாகும், ஆள் தேறுவாரு. ரிப்போர்ட்ட மட்டும் பாத்து பயந்து மாத்திரைய திடீர்னு நிறுத்தினா, இத்தன நாள் அடங்கியிருந்த அட்ரினலின் மொத்தமா பாயும், அது நெசமாவே ஆபத்து. பெரியப்பாவுக்கு 1.25 மில்லிகிராம்ல ஆரம்பிச்சாங்க, பொட்டு மாதிரி மாத்திரை, அதையும் ரெண்டு மூணு வாரத்துக்கு ஒரு தடவதான் ஏத்தினாங்க. மொத வாரம் இன்னும் சோர்வா இருக்குன்னு திட்டிக்கிட்டே போட்டாரு.

அப்போ நேரடியா அந்த கொழுப்பையே, இல்ல ஹார்மோனையே மொத்தமா கட் பண்ணிடலாமேன்னு தோணும். அதையும் பாத்துட்டாங்க. மூளை வழியா நோரட்ரினலின அமுக்கற மாக்ஸோனிடின்ங்கற மருந்த ஹார்ட் ஃபெயிலியர்ல குடுத்தாங்க, ஹார்மோன் எறங்குச்சு, சாவு கூடுச்சு, ஆய்வ பாதியிலயே நிறுத்தினாங்க. 2006ல ஃபின்லாந்துல துர்குவுல அசிப்பிமாக்ஸ் குடுத்து ஃப்ரீ ஃபேட்டி ஆசிட சட்டுன்னு எறக்கிப் பாத்தாங்க, இதயம் நல்லா வேலை செய்யும்னு பாத்தா வேலையும் கொறஞ்சுது, சிக்கனமும் கொறஞ்சுது. எரிக்க கஷ்டப்பட்டாலும் அதுக்கு அந்த வெறகுதான் பழக்கம், திடீர்னு புடுங்கினா பட்டினிதான். மெதுவா, ஒரு எல்லையோட மட்டும்தான் கொறைக்கணும் போல, பீட்டா ப்ளாக்கர் அத தெரிஞ்சோ தெரியாமலோ சரியா பண்ணுது. சுகர் மாத்திரையா வந்து, 2019ல ஹார்ட் ஃபெயிலியர்லயும் பலன் குடுக்குதுன்னு ஆய்வு வந்த டாபாக்ளிஃப்ளோசின் வகை மருந்து, கீட்டோன கொஞ்சம் ஏத்துது, வீக்கான இதயம் கீட்டோன விரும்பி எரிக்குதுன்னும் தெரியும். அது பலன் குடுக்கறது இதனாலதானாங்கறதுல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

பெரியப்பாவுக்கு டாக்டர் எழுதிக் குடுத்ததுல எங்களுக்கு ரொம்ப வேலை வச்சது மருந்து இல்ல, எடை மெஷின். காலைல எழுந்து பாத்ரூம் போய்ட்டு வந்து, சாப்பிடறதுக்கு முன்னாடி, தினம் அதே லுங்கியோட ஏறி நிக்கணும். ரெண்டு மூணு நாள்ல 2 கிலோ ஏறினா அது சதை இல்ல, தண்ணி, உடனே ஃபோன் பண்ணணும். கால்ல வீக்கமும் இல்லாம மாசா மாசம் எறங்கிட்டே போனா, அதையும் சொல்லணும். இதுல ஒரு ஏமாத்து வேலை இருக்கு, உள்ள தசையும் கொழுப்பும் கரையறப்ப வெளிய தண்ணி கோத்துக்கிட்டா மெஷின்ல நம்பர் மாறாது, நல்லாத்தான் இருக்காருன்னு நாம நெனச்சுக்குவோம். அதான் டாக்டருங்க பெல்ட்டையும் கன்னத்து எலும்பையும் வாட்ச் பட்டையையும் பாக்கறாங்க. பெரியம்மா இப்போ மஞ்சக்கருவ திரும்ப குடுக்கறாங்க, உப்ப மட்டும் விடல. தினசரி காலண்டர் தாள்ல ராகு காலத்துக்குப் பக்கத்துல பென்சில்ல எழுதி வைக்கறாரு பெரியப்பா, 54.2, 54.3, நேத்து 54.6.